பாதிக்கிணறு பின்னிய சால்வை

ஜனவரி 1

அன்பு அம்மணிக்கு,

புத்தாண்டு வாழ்த்து. இன்னும் யாருக்கும் சொல்லவில்லை, முதல் வாழ்த்து உனக்குத்தான். உன் அக்கா ஊரில் குளிர் பிடுங்கித் தின்கிறதாமே, கழுத்தைப் போர்த்திக்கொள்.

வக்கீல் அனுப்பிய காகிதங்கள் வந்து சேர்ந்தன. 'பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிகிறோம்' என்று முதல் பக்கத்திலேயே அடித்திருக்கிறார் மகராசன். என் சம்மதத்தை அவரிடம் யார் போய்ச் சொன்னது? சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடமாட்டேன், சொல்லிவிட்டேன்.

காலையில் எழுந்ததும் வழக்கம்போலச் சாப்பாட்டு மேசையில் அட்டையும் பேனாவும் எடுத்து வைத்தேன். இந்த வருஷம் கையால் என்ன செய்யப்போகிறோம் என்று ஆளுக்கொரு அட்டை எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டுவோமே, அதை விட மனசு வரவில்லை. என் அட்டையில் எழுதியிருப்பது: மண்பாண்டம், புல்லாங்குழல், பால்கனிக்கு ஒரு மர பெஞ்சு, படுக்கையறைச் சுவரில் மலைக்காட்சி. சிரிப்பாய் என்று தெரியும். இந்தத் தடவை ஆரம்பசூரத்தனம் இல்லை அம்மணி. ஒரு வருஷம் கொடு.

வேலை முடிந்து வந்தால் இந்த வீட்டில் என் செருப்புச் சத்தம்தான் கேட்கிறது. நேற்று சமையலறைக் குழாயோடு பேசிக்கொண்டிருந்தேன். அதுவாவது சொட்டுச் சொட்டாய்ப் பதில் சொல்கிறது. கெஞ்சுகிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள். கெஞ்சத்தான் செய்கிறேன்.

உன் போன வருஷத்து அட்டை கதவில் அப்படியே இருக்கிறது. புதிதை நீ வந்து எழுது. நீ வைத்த பெயரையே கீழே போட்டிருக்கிறேன், அதைப் பார்த்தாவது சிரி.

உன்
பாதிக்கிணறு


ஜனவரி 9

உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறேன். அக்கா ஒரு அறை ஒழித்துக் கொடுத்திருக்கிறாள். இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக்கடையில் வேலையும் கிடைத்துவிட்டது. நான் அங்கே வேலை பார்த்த கடை மாதிரியேதான், இருமல் மருந்துக்கு வருகிறவர்கள் இருமிக்கொண்டே குடும்பக் கதை சொல்கிறார்கள்.

நாலு இலக்கு! உங்களை என்ன சொல்வது? வீட்டை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். புத்தக அலமாரியின் கீழ்த்தட்டுகளை அடித்தது யார்? ஹால் சுவரில் நீலம் பாதியில் நின்றபோது மீதியைப் பூசியது யார்? அந்தத் துண்டு துண்டாகச் சேர்க்கும் படத்தில் மரத்தையும் வீட்டையும் சேர்த்துவிட்டு எழுந்து போனீர்கள். வானம்தான் கஷ்டம், எல்லாத் துண்டும் ஒரே நிறம். அதை நான் சேர்த்தேன். வருகிறவர்கள், "நீங்களே பண்ணினதா? கெட்டிக்காரர்தான் போங்க" என்பார்கள். "ஆமாங்க, சும்மா பொழுதுபோக்குக்கு" என்பீர்கள். நான் பின்னால் டீ தட்டோடு நிற்பேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எப்போது கசந்தது என்று தெரியவில்லை.

கதவில் இருப்பது போன வருஷத்து அட்டை இல்லை. கல்யாணமான முதல் வருஷம் எழுதியது. 'வர்ணத்தில் படம் வரையக் கற்றுக்கொள்வது.' வருஷாவருஷம் நீங்கள் புதிது எழுதுவீர்கள், நான் பழையதையே துடைத்து மறுபடி ஒட்டுவேன். உங்கள் மிச்சத்தை முடிப்பதற்குள் டிசம்பர் வந்துவிடும். நீங்கள் ஒரு தடவையும் கவனிக்கவில்லை.

ஒரு வருஷமெல்லாம் தரமுடியாது. ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கடைசி வரை உங்கள் கையாலேயே முடியுங்கள். முடிந்ததும் எழுதுங்கள், நான் வந்து அந்த மேசையில் உட்கார்ந்து பேசுகிறேன். மார்ச் முடியும் வரை வக்கீலை நெருக்கமாட்டேன்.

குழாய்க்கு வாஷர் மாற்றவேண்டும். வாங்கி வைத்தது இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது.

இப்படிக்கு
அம்மணி


ஜனவரி 27

அன்பு அம்மணிக்கு,

'அன்புள்ள' என்ற ஒரு வார்த்தைக்குக் கூடவா பஞ்சம்? போகட்டும், 'வந்து பேசுகிறேன்' என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் தினமும் லிப்ட் ரிப்பேருக்குக் கூண்டின் மேல் ஏறுகிறேன்.

என் நாலு இலக்கு அட்டையைக் கிழித்துவிட்டேன். புது அட்டையில் ஒரே வார்த்தை: சால்வை. உனக்குத்தான். கம்பளிக் கடைக்காரம்மா, "யாருக்குங்க, பேத்திக்கா?" என்று கேட்டுவிட்டாள். தலையில் நரை கண்டால் பேத்தி இருக்கவேண்டுமா? நமக்கு ஏது பிள்ளை குட்டி! "பொண்டாட்டிக்கு" என்றேன். நல்லவேளையாக அவள் மிச்சக் காசு எடுக்கக் குனிந்திருந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் வாரம் பின்னியதெல்லாம் பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி வந்தது. பிரித்தேன், பின்னினேன், மறுபடி பிரித்தேன். இப்போது மதியச் சாப்பாட்டு நேரத்தில் மொட்டைமாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து பின்னுகிறேன். கூட வேலை செய்கிறவர்கள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். "அண்ணே, கம்பி வடம் அறுந்தா இதையே கட்டிரலாம்ல?" என்கிறான் ஒருவன். சிரிக்கட்டும். ஒரு லிப்டையாவது நடுமாடியில் விட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்திருக்கிறேனா சொல். வேலையில் முழுசு, வீட்டில் பாதி என்று நீ திட்டுவாய். அது ஏன் அப்படி என்று எனக்கே விளங்கவில்லை.

சாம்பல் நிறம் எடுத்திருக்கிறேன். பிடிக்கும்தானே? ஒரு வரி எழுது.

உன்
பாதிக்கிணறு


பிப்ரவரி 24

அம்மணி,

பதில் இல்லை. கேட்டுக் கேட்டு, தபால்காரர் என்னைக் கண்டாலே எதிர்ப்பக்கம் நடக்கிறார்.

சால்வை முக்கால்வாசி ஆகிவிட்டது. ஆனால் ஒரு வாரமாகத் தொடவில்லை. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? உட்கார்ந்தால் கை ஊசியைப் பிடிக்கிறது, மேலே ஓடமாட்டேன் என்கிறது. இது முடிந்தால் நீ வருவாய். வந்து எதிரே உட்கார்ந்து 'இல்லை' என்று சொல்லிவிட்டால்? முடிக்காதவரை நீ இன்னும் சொல்லவில்லை. இந்தப் பயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

சோறு இறங்கவில்லை. நேற்று ஒரு லிப்டின் கதவைச் சரிபார்த்தேனா இல்லையா என்று சந்தேகம் வந்து, வீடு வரைக்கும் வந்தவன் திரும்பப் போனேன். சரியாகத்தான் இருந்தது. இத்தனை வருஷ வேலையில் இப்படி ஆனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் ஒழியட்டும் என்று வக்கீல் காகிதத்தை எடுத்து முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த பக்கத்தைப் புரட்டக் கை வரவில்லை. மறுபடி சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன். அதிலும் பாதிதான் நான்.

ஒரு யோசனை தோன்றுகிறது. சால்வையை ஊசியோடு பார்சலில் அனுப்புகிறேன். கொஞ்சம்தான் மீதி. அந்தக் கடைசி ஓரம் எனக்கு எப்படியும் வராது, உனக்கு அது ஒரு மதிய வேலை. முடித்து, தோளில் போட்டுக்கொண்டு அப்படியே ரயிலேறி வந்துவிடேன். யார் முடித்தால் என்ன, நமக்குள் கணக்கா? வந்துவிடு அம்மணி. என்னால் முடியவில்லை.

உன்
பாதிக்கிணறு


மார்ச் 4

உங்களுக்கு,

பார்சல் வந்தது. அக்காதான் பிரித்தாள். "பரவாயில்லையே, நல்லாத்தான் பின்னியிருக்காரு. இதை முடிக்க உனக்கு எவ்வளவு நேரம் ஆயிடப்போகுது?" என்றாள். அவளும் அதையேதான் கேட்டாள்.

நான் அப்போது படம் வரைந்துகொண்டிருந்தேன். ஆமாம், ஆரம்பித்துவிட்டேன். அக்கா வீட்டு டீ கெட்டில். அதன் மூக்கு இன்னும் கோணிக்கொண்டுதான் வருகிறது. தூரிகையை வைத்துவிட்டு உங்கள் கடிதத்தைப் படித்தேன். அழுதேன். சால்வையை மடியில் போட்டுக்கொண்டு, பாவம் மனுஷன் என்று நினைத்தபடி உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்தபோது கையில் ஊசி ஓடிக்கொண்டிருக்கிறது. நாலு வரிசை பின்னியிருக்கிறேன். எப்போது ஊசியை எடுத்தேன் என்றே தெரியவில்லை. கிண்ணத்தில் வர்ணம் காய்ந்துபோயிருந்தது.

உங்கள் மேல் கோபம் கூட வரவில்லை. என் கையைப் பார்த்துத்தான் பயந்தேன்.

அந்த நாலு வரிசையையும் பிரித்துவிட்டேன். உங்களுடையதில் ஒரு கண்ணியைக் கூடத் தொடவில்லை. அப்படியே திருப்பி அனுப்புகிறேன். இதுவரை பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. நான் ஒரு வரி எழுதினால் அது போதும் என்று ஊசியைக் கீழே வைத்துவிடுவீர்களோ என்று பயந்தேன்.

வந்து 'இல்லை' என்று சொல்லிவிட்டால் என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் வருகிறேன் என்று சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கவில்லை. முடித்துவிட்டு எழுதுங்கள். முடிக்காமல் எழுதாதீர்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உயரத்தில் நிற்கிற வேலை, கவனம்.

இப்படிக்கு
அம்மணி


மார்ச் 22

அன்பு அம்மணிக்கு,

முடித்துவிட்டேன்.

கடைசி ஓரத்தில் தடுமாறிப்போய்க் கம்பளிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இந்தப் பாடு? குடுங்க, ஒரு நிமிஷத்துல முடிச்சுத் தரேன்" என்றாள். 'சரிங்க' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். பாவம், பயந்துவிட்டாள். "எப்படின்னு மட்டும் சொல்லுங்கம்மா, செய்யாதீங்க" என்றேன். அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, தப்பும் தவறுமாகப் பிரித்துப் பிரித்துப் பின்னி, கடை சாத்தும் நேரத்தில் முடித்தேன். நூலைக் கத்தரித்தபோது அவள் கைதட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் 'முடிந்தது, வா' என்று எழுதினேன். கிழித்துப் போட்டேன். மறுபடி எழுதினேன், மறுபடி கிழித்தேன். உன் நாலு வரிசைதான் கண்முன்னால் வந்து நிற்கிறது. நீ சொன்ன சொல் தவறமாட்டாய். வருவாய். மேசையில் உட்காருவாய். நான் அழுவேன். நீ இருந்துவிடுவாய். அப்புறம் நான் எதையாவது ஆரம்பிப்பேன். உன் கை சும்மா இருக்காது, என் கை சும்மா இருந்துவிடும். கிண்ணத்தில் வர்ணம் காயும்.

அதனால் வரவேண்டாம் அம்மணி. நீ இல்லாமல் இந்த வீட்டில் எப்படி இருக்கப்போகிறேன் என்று தெரியவில்லை. ஆனாலும் வரவேண்டாம்.

சர்க்கரை டப்பாவுக்கு அடியில் இருந்ததை எடுத்து மீதிப் பக்கங்களிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எதையாவது விட்டிருக்கிறேனா என்று திரும்பவும் புரட்டிப் பார்த்தேன். விடவில்லை. இதோடு வைத்திருக்கிறேன். குழாய்க்கு வாஷரும் மாற்றியாகிவிட்டது. இப்போது அதுவும் பேசுவதில்லை.

பிரிட்ஜ் கதவிலிருந்து உன் அட்டையை எடுத்து இந்தப் பார்சலுக்குள் வைத்திருக்கிறேன். அங்கே ஏதாவது ஒரு கதவில் ஒட்டிக்கொள். கெட்டிலின் மூக்கு நேராகட்டும்.

சால்வை உனக்குத்தான். குளிர் விடும்வரை போட்டுக்கொள். கடைசி ஓரம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணலாக நிற்கிறது. தயவுசெய்து அதைச் சரிசெய்யாதே.

இப்படிக்கு
நான்