பால் கறை இல்லாத சட்டை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசுதான் ஓரிடத்தில் நிற்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமா, குட்டிப்பையன் காலையில் பால் குடித்தானா? போனில் பேசினால் நீ அழுகிறாய், நீ அழுதால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது, அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நாளைக்கு டாக்டரிடம் கிளம்புமுன் முழுக்கப் படித்துவிடு.

நேற்று நம் சலவைக் கடையில் ஒரு வெள்ளைச் சட்டையைத் தீய்த்துவிட்டேன். பேரன் பாலைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறானே, எடையும் ஏறவில்லையே என்று நினைத்தபடி இஸ்திரிப் பெட்டியை எடுக்காமல் நின்றிருக்கிறேன். அப்பா திட்டவில்லை, அவரும் அதே நினைப்பில் இரண்டு பேர் துணியை மாற்றிக் கொடுத்துவிட்டுத் திருதிருவென முழித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரிக் குழந்தைகள் வார்டு நர்ஸ் ஒருத்தி வெளுக்கப் போட்ட சீருடையை வாங்க வந்தாள், நீ அனுப்பிய வீடியோவைக் காட்டினேன். அதில் பால் குடித்து வெகுநேரம் கழித்தும் அவன் எதையோ விழுங்குகிறான், முகம் சுளிக்கிறான், உடம்பை வில்லாக வளைத்துக் கத்துகிறான், குரலும் கரகரக்கிறது. வாந்தி எடுக்கிறானா என்று கேட்டாள். நான் பெருமையாக, "ஒரு துளி கிடையாது, பொறந்ததுல இருந்து சட்டையில பால் கறையே பட்டதில்ல" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "சிக்கலே அதுவா இருக்கலாம்மா. வயித்துல இருந்து பால் மேல ஏறி, வெளிய வராம திரும்ப உள்ள போகும், புளிச்ச பால் தொண்டைய எரிக்கும், பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான் டாக்டர் இல்ல, அவங்ககிட்ட இத காட்டச் சொல்லுங்க" என்றாள்.

போன தடவை டாக்டர் இதே கேள்வியைக் கேட்டபோது நீயும் வாந்தி இல்லை என்று சொன்னதால்தானே ஒன்றுமில்லை என்று அனுப்பினார். துணி வெளுக்கிற வீட்டில் சட்டை சுத்தமாக இருந்தால் பிள்ளை சுகம் என்றுதான் தோன்றும், போன் பண்ணும்போதெல்லாம் சட்டையைக் காட்டச் சொல்லி மெச்சியவளும் நான்தான். நாளைக்கு வாந்தி இல்லை என்பதோடு நிறுத்தாதே, விழுங்குவது, வளைவது, குரல் கரகரப்பது, எடை ஏறாதது எல்லாவற்றையும் சொல், வீடியோவையும் காட்டு. அதுவரை நர்ஸ் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடு, நடுவில் ஏப்பம் விட வை, குடித்ததும் அரைமணி நேரம் தோளில் நிமிர்த்திப் பிடித்துக்கொள். தூங்கும்போது மட்டும் சமமான மெத்தையில் மல்லாக்கத்தான். தலையை உயர்த்தி வைக்கலாம் என்று அப்பா தலையணை தைக்க உட்கார்ந்துவிட்டார், நர்ஸ் போட்ட சத்தத்தில் ஊசியைக் கீழே வைத்தார். மருந்து டாக்டர் கொடுத்தால்தான், யார் சொன்னாலும் பாலில் எதையும் கலக்காதே. பச்சையாகவோ ரத்தமாகவோ கக்கினாலும், மூச்சுத் திணறினாலும், பாலே குடிக்காமல் துவண்டாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

இன்னொன்று. உன்னையே நல்ல அம்மா இல்லை என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டாயே, இனி அப்படிச் சொல்லாதே. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை கண்ணு. நீயும் வேளைக்குச் சாப்பிடு.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். டாக்டர் சொன்னதை உடனே கூப்பிட்டுச் சொல், அதுவரை நான் இஸ்திரிப் பெட்டியைத் தொடப்போவதில்லை. இனிமேல் போனில் சட்டையைக் காட்ட வேண்டாம், அவன் முகத்தைக் காட்டு.

உன் அம்மா