கூரையிலிருந்து இறங்கிவந்த ஆமோஸ்

ஆஷ் கிரீக், தென் கரோலினா
அக்டோபர் 1954

அன்பு மகன் தாடியஸுக்கு அம்மா எழுதுவது.

கர்த்தர் கிருபையால் முழங்கால் வலி தவிர எனக்குக் குறையொன்றும் இல்லை. நீ அனுப்பிய கம்பளிக் கையுறை வந்தது. இங்கே இன்னும் வேர்க்கிறது, டெட்ராய்ட்டில் எப்படியோ.

நம் கோயிலை மூடினால் மூடட்டும், என்னோடு வந்து இருங்கள் என்று எழுதியிருந்தாய். நடந்ததைக் கேள்.

போன ஞாயிறு டவுன் பாதிரியார் விட்லாக் ஐயர், கோயிலை மூடச் சொல்லும் பேராயரின் உத்தரவோடு வந்தார். ஆராதனை முடிவில் அதை வாசித்துவிட்டால் நம் புனித சிப்ரியன் ஆலயம் வெறும் மரக்கொட்டகை. நல்ல மனிதர்தான், தொப்பியைத் திருகிக்கொண்டே நின்றார். "இங்க ஞானஸ்நானம் நடந்தே ரொம்ப வருஷமாச்சும்மா. டவுன் கோயில்ல உங்களுக்கு இடம் இருக்கு" என்றார்.

அது எந்த இடம் என்று எனக்குத் தெரியாதா? உன் கொள்ளுத்தாத்தா அடிமையாக அந்தக் கோயில் மாடியில் உட்கார்ந்தவர். கீழே வெள்ளைக்காரர்கள் திருவிருந்தின் அப்பமும் ரசமும் எடுத்து முடித்த பிறகே அவரை இறங்கிவரச் சொல்வார்கள். விடுதலை வந்ததும் நம் ஜனங்கள் அந்த மாடியை விட்டு இறங்கி, சதுப்பில் மரம் வெட்டி, இதைக் கட்டினார்கள். புயல் சாய்த்தது, நிமிர்த்தினார்கள். யாரோ கொளுத்தினார்கள், மறுபடி கட்டினார்கள். அப்போது உன் அப்பாவும் ஆணியடித்தார்.

பிரசங்கம் முடிந்தபோது உன் ஆமோஸ் சித்தப்பா உள்ளே வந்தார். கூரை ஒழுகினால் ஏறி அடைப்பாரே தவிர, அவர் வாசற்படி மிதித்து நான் பார்த்ததில்லை. மரஅறுவை மில் பூட்ஸோடு நேரே முன்னால் போய், "ஐயரே, எனக்கு ஞானஸ்நானம் குடுங்க" என்றார்.

"வேதபாடம் படிச்சிருக்கீங்களா?"

"இங்க சொன்ன பாடத்தையெல்லாம் கூரை மேலருந்து கேட்டிருக்கேன். பாதி ஓட்டை வழியாத்தான் வந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். ஐயர் சிரிக்கவில்லை. "டவுன்ல வாங்கிக்கலாமே ஆமோஸ்."

"அங்க மாடிக்கு அனுப்புவீங்க. நான் இப்பத்தான் கீழ இறங்கியிருக்கேன். இனி ஏறமாட்டேன்."

ஐயர் என்னிடம் தண்ணீர் கேட்டார். கிணற்றடியில் வாளி நிறைய இறைத்துக் கொண்டுவந்தேன், மகனே. ஆமோஸ் குனிந்து நின்றார். தண்ணீர் தலையில் விழுந்தபோது குழந்தை மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

ஐயர் உத்தரவைப் பைக்குள் மடித்து வைத்து, "ஞானஸ்நானம் குடுத்த வாயால இதை வாசிக்க முடியாதும்மா. பேராயர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்று போய்விட்டார். பேராயர் வேறு ஆளை அனுப்பலாம். அனுப்பட்டும். ஐயரே வராவிட்டாலும் ஜெபத்தை நாங்கள் வாசித்துக்கொள்வோம்.

ஆகையால் நான் டெட்ராய்ட்டுக்கு வருவதாக இல்லை. கிறிஸ்துமஸுக்கு நீ வா. உன் குழந்தை ரூபிக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு வா. இந்த மண்ணை இனி மிதிப்பதில்லை என்று சொல்லிப் போனவன் நீ. நம்மை மாடியேற்றுகிறவர்கள்மேல் உனக்குள்ள கோபம் நியாயமானது, அதை விட்டுவிடச் சொல்லமாட்டேன். அதையும் கூடவே கொண்டுவா. இங்கே அதற்கு வேலை இருக்கிறது.

வழியெல்லாம் கர்த்தர் உங்களைக் காப்பாராக.

உன் அம்மா
லவினியா