கரீம் பாய்க்குக் காட்ட வேண்டிய ரோஜா

ஓவியர் சிவராஜ் அவர்களுக்கு,

முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டேன். களியும் கீரையும் மூடி வைத்திருக்கிறேன். படம் வரைய எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று நான்கு மாதமாக வீடியோ பார்த்தீர்கள், ஒன்பதை இறக்கினீர்கள், ஒரு கோடு இழுக்கவில்லை. கேட்டால், "இன்னும் செட் ஆகல மேகலா!"

ரோஜாப் பெட்டிமேல் ஒட்டப் படம் கேட்ட கெலமங்கலம் கரீம் பாய் பத்து மணிக்கு வருகிறார். நேற்று கம்பெனி பஸ்ஸில், போனில், இலவச ஆப்பில், விரலாலேயே நான் வரைந்துவிட்டேன். உங்கள் டேப்லெட்டில் ஏற்றியிருக்கிறேன். காட்டுங்கள்.

மேகலா

இன்னொன்று: நீங்கள் வரைந்ததாக அவரிடம் அளக்க வேண்டாம். இதழ்மேலேயே என் பெயர் இருக்கிறது. "புதுசா வரையறவங்க எல்லாத்தையும் தனித்தனி அடுக்கா பிரிக்காம ஒரே லேயர்ல போட்டுருவாங்க" என்று சிரித்தீர்களே, அப்படித்தான் போட்டிருக்கிறேன். பெயரை அழித்தால் ரோஜாவும் சேர்ந்து போகும்.