எட்டாம் வகுப்பிலேயே இருக்கக் கேட்டவள்

ஜூன் 10, செவ்வாய்

பள்ளியில் மதியச் சாப்பாட்டுப் பொறுப்பு என்னுடையது. இன்று சுகன்யாவை வரிசையிலிருந்து நான்தான் அனுப்பினேன். பொன்முடி எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவள் வீடு. எங்கள் மாநிலத்தில் இலவசச் சாப்பாடு எட்டாம் வகுப்போடு முடிகிறது. அவள் இந்த மாதம்தான் ஒன்பதுக்கு வந்தாள்.

"ஒன்பதுக்குக் கிடையாதும்மா," என்றேன்.

"அப்ப என்னை எட்டுலயே இன்னொரு வருஷம் இருத்த முடியுமா டீச்சர்?"

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். பின்னால் நின்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். அவள் தட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மனசு கேட்கவில்லை. பந்தி முடிந்ததும் மீந்த சோற்றை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு அவள் வகுப்புக்குப் போனேன். அவள் இடம் காலி. பக்கத்துப் பெண் சொன்னாள்:

"வீட்டுக்குப் போயிட்டா டீச்சர். சாப்பாடு உண்டான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்களாம் அவ அம்மா. இல்லேன்னா நாளையிலேருந்து கல்லாறுல ஒரு கடையில நிக்கணுமாம்."

அப்படியென்றால் அவள் நிஜமாகவே கேட்டிருக்கிறாள்.

நாளை முதல் பஸ்ஸில் பொன்முடிக்குப் போகிறேன். தினமும் அவளுக்கும் சேர்த்து நானே சோறு கட்டி வருகிறேன், பிள்ளையை அனுப்புங்கள் என்று அந்த அம்மாவிடம் சொல்லப் போகிறேன். ஒத்துக்கொள்வாள் என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் அந்த வகுப்பில் லயத்துப் பிள்ளைகள் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் எதுவும் கேட்கவே இல்லை.