தவனம் என்று அண்ணா பறித்த செடி

அன்புள்ள அலமு அக்கா,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நேற்று உன் முதல் வருஷத் திதி. ஸ்ரீரங்கத்துக்குப் போயிருந்தேன். இலையில் மோர் விழுகிற நேரத்தில் அண்ணா வந்தவர்களிடம் சொன்னான்: "அலமுவுக்கு ஒரு ஆசையும் கிடையாது. சந்நியாசி மாதிரி இருந்துட்டுப் போனா." எல்லோரும் தலையாட்டினார்கள்.

அத்திம்பேர் காலமாகி, கைம்பெண்ணுக்கு ஆகாதென்று உனக்கு வெற்றிலை விலக்கானபோது உனக்கு என்ன வயது? சாப்பிட்ட வாய்க்கு மெல்ல ஏதாவது வேணும்டா என்றாய். ஆற்றைத் தாண்டிக் காலேஜுக்குப் போன நான் திருச்சிப் பெரிய கடைவீதியில் சோம்பு வாங்கி வந்தேன். மாமிசக் குழம்புச் சாமான் என்று நம் அகத்துப் படியேறாதது. ஒன்றைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டாய். "இனிக்கறதுடா."

கிணற்றடியில் நீ சிந்தியது மார்கழியில் மயிரிழை போன்ற இலையாகக் கிளம்பிற்று. அண்ணா கிள்ளி முகர்ந்தான்.

"தவனமா, அலமு? வாசனை ஒரு தினுசா இருக்கே."

"தானா மொளைச்சதுண்ணா. பெருமாளுக்குன்னே வந்திருக்கு."

மாலையில் வைத்துக் கட்டி அகத்துப் பெருமாளுக்குச் சாத்தினான். நாம் கொல்லையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அப்புறம் நீ அப்படிச் சிரிக்கவேயில்லை.

தை பிறந்ததும் உன் வாயில் சோம்பு வாசனையைப் பிடித்துவிட்டான். "மாமிசம் வேகற இடத்து நாத்தம் நம்மாத்திலயா? இனிமே அடுப்பைத் தொடாதே." கடைசிவரை உன் கையால் அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

பெருமாளுக்கு அவன் சாத்தியதும் சோம்புதான் என்று அன்றே அவனிடம் சொல்லக் கிளம்பினேன். கையைப் பிடித்துக்கொண்டாய். "வேண்டாம்டா, இடிஞ்சுபோயிடுவான். பெருமாள் ஒண்ணும் சொல்லலியே, எனக்கு அது போறும்."

எப்படிப் போதும், அக்கா?

உலகச் சண்டை முடிந்தும் ரேஷன் தீரவில்லை. சோம்பு மட்டும் கிடைக்கிறது. சாப்பிட்டதும் இரண்டு மெல்கிறேன். உனக்கு ஆசையே இல்லை என்று இனி யார் சொன்னாலும் அது பொய்யென்று எழுந்து சொல்வேன்.

இந்தக் கடிதம் அண்ணாவின் விலாசத்துக்குத்தான் போகிறது. உறைக்குள் ஒரு சிட்டிகை சோம்பு. பிரிக்கிறபோதே தவன வாசனை அவனுக்கு ஞாபகம் வரட்டும்.

உன் தம்பி என்று எழுதினேன். அவனுக்கும் நான் தம்பிதான்; அவன் படிக்கிற காகிதத்தில் அந்த உறவு எதற்கு? அடித்துவிட்டேன். கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன். உனக்கு என் எழுத்துத் தெரியும்.