வெளித்தாழ்ப்பாள் இல்லாத வீடு

அன்பு மகளுக்கு,

நீ ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, டிக்கெட் வாங்கிக் கூட்டத்தோடு, கட்டடக் கலைஞராக நீயே வடிவமைத்த உன் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். மலைப்பாறையை உடைக்காமல் அதையே கூடத்துச் சுவராக்கியிருக்கிறாய். பெருமை தாங்கவில்லை.

"எந்த ரூமுக்கும் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இல்ல, பாத்தீங்களா?" என்றாள் சுற்றிக்காட்டிய பெண். "சின்ன வயசுல கணக்கு தப்பாப் போட்டா, மேடத்தை அவங்கப்பா உள்ள விட்டு வெளிய தாழ் போட்டுடுவாராம்."

"பெத்த மனுஷனா அவன்?" என்றார் பக்கத்திலிருந்த அம்மாள்.

நானும் "அதானே" என்றேன். கோழைத்தனத்துக்கு வகுப்பில் எத்தனையோ உதாரணம் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு பொருத்தமாக ஒன்றும் அமைந்ததில்லை.

ஐந்து நிமிடம்தான் என்று உன் அம்மாவிடம் சாதித்தேனே, அது பொய். நீ கதவைத் தட்டத் தட்ட ஒரு கட்டு விடைத்தாளையும் திருத்தி முடித்தேன்.

நீ கூப்பிட்டால் அப்பாவாக வருகிறேன். கூப்பிடாவிட்டால், அதுவும் சரியான விடைதான்.

அப்பா