நாட்டுக்கே ஒரு குடும்பம்

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

நலமா? பிரிந்து இருந்தாலும் இப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை உண்டு என்று நம்புகிறேன். வங்கிகள் அடுத்தடுத்துச் சரிந்ததை மத்திய வங்கி ஏன் முன்பே எச்சரிக்கவில்லை என்று விசாரிக்கும் குழுவில் நீயும் இருக்கிறாயாம். பொருளாதாரத்தைக் கணிக்க அங்கே என் பிரிவு வைத்திருக்கும் கணக்கு மாதிரி பொய்த்துவிட்டது, எந்த மாதிரியாலும் இதைக் கண்டிருக்க முடியாது என்று எழுதிவிடு. என் வேலை தப்பும். பழசை மனதில் வைக்காதே.

உன் கணவன்

மார்ச் 9

வணக்கம்.

பழசை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். உங்கள் மாதிரியில் நாடு முழுமைக்கும் ஒரே ஒரு குடும்பம். அது சாகாது, சண்டை போடாது, எதிர்காலத்தைக் கணக்குப் போட்டே செலவழிக்கும். "ஒரே குடும்பம்னா யாரு யாருக்குக் கடன் குடுப்பாங்க? இதுல வங்கியே இல்லையே?" என்று, உங்கள் பிரிவில் வேலை பார்த்தபோது, வங்கி ஆளுநர் முன்னால் கேட்டேன். கடனை வைத்து நான் போட்ட சின்ன மாதிரியையும் காட்டினேன். "சொப்பு வெளையாட்டெல்லாம் வீட்டோட வெச்சுக்கோ" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். மறுவாரம் என்னை நூலகத்துக்கு மாற்றினீர்கள். அன்றே பெட்டியைக் கட்டினேன். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஆனாலும் உங்கள் மாதிரி பொய்த்தது என்று எழுத மாட்டேன். வட்டியைக் கூட்டினால் விலைவாசி எப்படி நகரும் என்று கேட்டால், அது ஓரளவு ஒழுங்காகவே பதில் சொல்லும். என்னுடையதற்கு அது தெரியாது. கடன் எங்கே வீங்குகிறது என்று காட்டும். எப்போது வெடிக்கும் என்று சொல்லாது. முடிவெட்டும் கத்தரி மரத்தை அறுக்கவில்லை என்று கத்தரியையா திட்டுவார்கள்?

இப்படிக்கு,
குழு உறுப்பினர்

மார்ச் 12

அன்புள்ள உனக்கு,

மாதிரி மேல் தப்பில்லை என்றால் தப்பு என் தலையில்தானே விழும்? கெஞ்சிக் கேட்கிறேன், பழியை அதன் மேலேயே போடு. அதற்கு வலிக்கவா போகிறது?

உன் கணவன்

மார்ச் 15

வணக்கம்.

வலிக்காது. அதனால்தான் குழு அறிக்கையில் அதை விட்டுவிட்டு உங்களைப் பற்றி எழுதினேன். வங்கியே இல்லாத மாதிரியிடம் வங்கிகளைப் பற்றிக் கேட்டவர், அதைச் சுட்டிக்காட்டியவளை வெளியேற்றியவர் என்று. அறிக்கை இன்று காலை போய்விட்டது. நாளை உங்களை அழைப்பார்கள்.

என் மாதிரியின் குறைகளைத்தான் அதில் முதலில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வரியும் உண்மை. வஞ்சம் தீர்த்துக்கொண்டாள் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: வஞ்சம்தான்.

இப்படிக்கு,
வாயாடி